காசு கொடுத்த கள்ளன்

1992 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை, காலை ஆறு பத்து. லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் நான்கு பாகைக் குளிர். குடையை விரித்தால் வீண், விரிக்காவிட்டால் நனைச்சல் என்ற வகைத் தூறல். என் கடையைக் கொள்ளையடிக்கப் பதினாறு பேர் வந்து, பின்கதவால் நுழைந்து, முதல் வேலையாகத் தேநீர் கேட்டார்கள்.

பதினாறு பேரில் கொள்ளைக்காரர் ஒருவர்தான். மற்றவர்கள் விளக்குப் பிடிக்கவும், வயர் இழுக்கவும், ஒருவரையொருவர் சத்தம் போடாதே என்று சத்தம் போடவும் வந்தவர்கள். தொலைக்காட்சிக்கு ஒரு துப்பறியும் படம். அதில் ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு சில்லறைக் கடைக்குள் கள்ளன் வருவான், துவக்கைக் காட்டுவான், பணத்தை அள்ளுவான், கடைக்காரரைத் தள்ளிவிட்டு ஓடுவான். அந்தக் காட்சிக்கு என் கடையை அரை நாளுக்கு இருநூறு பவுணுக்குப் பேசியிருந்தார்கள். கதைத்தாளில் கள்ளனுக்குப் பெயர் இல்லை. நிறம் மட்டும் எழுதியிருந்தது. எழுதியிருக்கத் தேவையே இல்லை. எழுதாமல் விட்டிருந்தாலும் கறுப்பு நடிகரைத்தான் கூட்டிவந்திருப்பார்கள்.

அதற்கு முந்தின வாரம் இயக்குனர் கடை பார்க்க வந்தார். முழங்கால் வரை தொங்கும் கழுத்துத்துணி போட்ட இளைஞர். ஏழு கடை பார்த்தாராம், என்னுடையதில்தான் உண்மைத்தன்மை அதிகமாம். உண்மைத்தன்மை என்று அவர் சொன்னது கூரையில் உரிந்திருந்த பெயின்றை. பிறகு கடைக்காரனாக நானே நடிக்கலாமா என்று சோதித்தார். யாழ்ப்பாணத்தில் பாதிரிமாரிடம் ஆங்கிலம் படித்து, கொழும்பில் பத்தொன்பது வருடம் கணக்காய்வுத் திணைக்களத்தில் வேலை பார்த்தவன் நான். இரண்டு வசனம் சொன்னேன். நன்றாக இருக்கிறது, ஆனால் கடைக்காரன் மாதிரி இல்லை, ஆங்கிலத்தைக் கொஞ்சம் உடைத்துப் பேச முடியுமா என்றார். எந்த இடத்தில் உடைப்பது என்று கேட்டேன். எனக்கு அந்த வேடம் கிடைக்கவில்லை. பேர்மிங்காமில் பிறந்த பஞ்சாபிப் பிள்ளை ஒருவர் வந்து, எனக்குப் பதிலாக, பிரமாதமாக உடைத்துப் பேசினார்.

இயக்குனரோடு அன்று கள்ளனும் வந்திருந்தார். முப்பத்தெட்டு வயது, உயரம், கண்ணாடி. உள்ளே வருமுன் கால்மிதியில் சப்பாத்தை இரண்டு தரம் துடைத்தார். ஆறு வருடக் கடையில் அப்படித் துடைத்த இரண்டாவது ஆள் அவர். அப்படியிருந்தும் அவர் கதவைத் தள்ளியபோது என் வலக்கை தானாகக் காசு போடும் இழுப்பறையான லாச்சியின்மேல் போய் அமர்ந்தது. அவர் அதைப் பார்த்தார். "ஐயா, அதை அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வைத்திருங்கள்" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். இயக்குனர் காதில் அது விழவில்லை. இப்படிப்பட்ட ஒருவர் உள்ளே வந்தால் கடைக்காரரின் கை வழக்கமாக என்ன செய்யும் என்று அவர் என்னிடம் விசாரித்தார். ஒன்றும் செய்யாது என்றேன். பின்னால் அரிசி மூட்டையருகே நின்ற என் மனைவி தமிழில், "கை போச்சுது, நான் கண்டனான்" என்றாள்.

இயக்குனர் சுவர்களை அளந்துகொண்டிருக்க, நடிகர் என்னோடு பேசிக்கொண்டு நின்றார். நாடகப் பள்ளியில் மூன்று வருடம் அரசர்களின் வசனங்களைப் பேசிப் படித்தவர். அதன்பின் பதினொரு வருடத் தொலைக்காட்சியில் ஒன்பது கள்ளன், இரண்டு கஞ்சா வியாபாரி, ஒரு பிணம். பிணம்தான் நல்ல பாத்திரம் என்றார். அதன் கால் விரலில் கட்டிய அட்டையில் ஒரு பெயர் இருந்ததாம். பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட அவருக்குத் திரையில் மனைவி இருந்ததில்லை. ஒரு முறை ஒரு பெண் கொடுத்தார்களாம். அவள் அவரைப் பார்த்துக் கத்திவிட்டுக் கதவை அடித்துச் சாத்துவதோடு சரி. உண்மையில் அவருக்கு மருந்துக் கடையில் வேலை செய்யும் மனைவியும், இரண்டு மகள்களும், ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தில் மருமகனின் குற்றங்களுக்கு விளக்கம் சொல்லும் மாமியாரும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மகள்களிடம், உன் அப்பாவை மறுபடி பிடித்துவிட்டார்களா என்று கேட்கிறார்களாம். அரை நிமிடம் போதும் என்றார். அரை நிமிடம் யாருக்காவது புருஷனாக இருந்துவிட்டு, பிறகு எந்தக் கடையை வேண்டுமானாலும் கொள்ளையடிக்கலாம். இயக்குனரிடம் மூன்று தரம் கேட்டுவிட்டார். நேரமில்லை என்று பதில்.

அவர் சொன்னது எனக்குப் புதினமில்லை. கடையின் பின்பக்கத்தில் நான் வாடகைக்கு வைத்திருந்த வீடியோ கசெற்றுகள் நானூற்றுப் பன்னிரண்டு. நாடா சிக்கியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்பார்களே என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பார்த்துத்தான் கொடுப்பேன். ஆங்கிலப் படத்துக் கறுப்பருக்கு வீடு இல்லை. தெருவில் தோன்றி, தெருவில் ஓடி, படம் சூடு பிடிக்குமுன் தெருவிலேயே விழுவார். நல்லவராக இருந்தால் வெள்ளைக்காரக் கதாநாயகனின் கூட்டாளி. அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறேன் என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னதும் நான் தேநீர் போட எழும்பிவிடுவேன். திரும்பி வரும்போது அவரைத் துணியால் மூடிக் கொண்டுபோவார்கள். வீடு என்று ஒன்றைக் காட்டினால், அங்கே பெண் கத்துவாள், ஆண் கதவை உதைப்பான், காட்டப்படாத அறையில் குழந்தை அழும். கறுப்புப் புருஷனும் பெண்சாதியும் ஒரு மேசையில் எதிரெதிரே இருந்து கறன்ற் பில்லைப் பற்றிப் பேசும் ஒரு காட்சியை அந்த நானூற்றுப் பன்னிரண்டில் நான் காணவில்லை.

தமிழ்ப் படங்கள் இன்னும் சிக்கனம். அங்கே கறுப்பர் என்றால் வில்லனுக்குப் பக்கத்தில் மொட்டைத் தலையும் எண்ணெய் பூசிய நெஞ்சுமாகக் கைகட்டி நிற்பவர். அவருக்குச் சம்பளம் நெஞ்சுக்கு, வாய்க்கு அல்ல. ஐந்தடி நாலங்குலக் கதாநாயகன் மூன்று குத்தில் அவரை நீச்சல் தடாகத்துக்குள் அனுப்புவார். வெளிநாட்டு ஆளைக் கொண்டுவர வசதியில்லாத தயாரிப்பாளர் உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் கரி பூசுவார். கரி அதிகம் செலவாகியிருக்காது. அதைப் பார்த்துக் கைதட்டிய நாங்களும் சந்தனக் கட்டையில் கடைந்தவர்கள் அல்ல. என் நிறத்தை என் சொந்தத் தாய் தோசைக்கல்லோடு ஒப்பிட்டிருக்கிறார்.

இதே கடைக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு ஜமெய்க்காத் தம்பதி வருவார்கள். அவர் ஓய்வு பெற்ற பஸ் சாரதி. அவர் ஒரு கிழங்கை அழுத்திப் பார்த்துக் கூடையில் வைப்பார். மனைவி அதை எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். அவர் அதை எடுத்து மூக்கருகே பிடித்து, ஆகாயத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, கூடையில் வைப்பார். இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. முப்பது வருடக் குடித்தனம் முழுவதும் அந்தக் கூடைக்குள் இருந்தது. அதற்குப் பிலிம் செலவழிக்க எந்த இயக்குனரும் தயாரில்லை.

1986இல் நான் கடை எடுத்தபோது என் மனைவியின் தம்பி மறித்தவர். "அத்தான், அந்தப் பக்கம் முழுக்கக் கறுவல். நீங்கள் படம் பாக்கிறேல்லையே? பத்து நிமிசத்தில வந்திடுவாங்கள்" என்றார். கறுப்பரைப் பற்றிய தன் அறிவு அத்தனையையும் பிறகு என்னிடமே, வாடகை கொடுக்காமல், கசெற் எடுத்து வளர்த்துக்கொண்டார். ஆறு வருடத்தில் என் கடையில் கையும் களவுமாகப் பிடிபட்டவர்களில் முதலிடம், தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டிக்கு. மேற்சட்டைக்குள் சமன் மீன் அடைத்த தகர ரின். இரண்டாமிடம் மைத்துனருக்கு. அவர் வந்தால் ஒரு பக்கற் கச்சான் கடலை உடைக்காமல் பேசமாட்டார். அதற்குக் காசு கொடுத்ததும் இல்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். விளக்கெல்லாம் பொருத்தியாயிற்று. சிகரெட் தட்டுக்கு மேலிருக்கும் லட்சுமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்த வந்த என் மனைவி, லாச்சிக்குள் படக்காரர் பொய் நோட்டுகளை அடுக்குவதைக் கண்டு நின்றாள். என்ன நடக்கப்போகிறது என்று கேட்டாள். சொன்னேன். கடை இன்னும் திறக்கவில்லை, முதல் வியாபாரம் ஆகவில்லை, வெள்ளிக்கிழமை, விடியற்காலை, லாச்சியில் முதலில் படும் கை காசு எடுக்கிற கை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"இஞ்சேருங்கோ, எடுக்கிற கைதான் முதல்ல குடுக்கவேணும். இல்லாட்டி இண்டைக்கு லாச்சி துறக்கேலாது."

நான் படித்தவன், இவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இயக்குனருக்கு இதை மொழிபெயர்த்தபோது லாச்சிச் சாவி என் காற்சட்டைப் பைக்குள் இருந்தது. அவர் சிரித்தார். அவருடைய கமெராக்காரர் அன்று பதின்மூன்றாந் திகதி வெள்ளிக்கிழமை என்பதற்காக மரத்தில் தட்டாமல் ஒரு பெட்டியையும் திறக்கமாட்டேன் என்று நின்றதை இயக்குனர் மறந்துவிட்டார். உள்ளே இருப்பது பொய்க் காசுதானே என்று வாதாடினார். அதையும் மனைவிக்குச் சொன்னேன்.

"லாச்சிக்குத் தெரியுமே அது பொய்க் காசெண்டு?" என்றாள்.

தன் உதவியாளரை அனுப்பி ஒரு சுவிங்கம் வாங்கச் சொல்லட்டுமா என்றார் இயக்குனர். உதவியாளரா கொள்ளையடிக்கப்போகிறார் என்று அவள் கேட்டாள். மணி ஆறு ஐம்பது. பதினாறு பேருக்கும் சம்பளம் ஓடிக்கொண்டிருந்தது.

என்ன தகராறு என்று நடிகர் கேட்டார். விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார். பிறகு இயக்குனரிடம் போய், சரி, நான் முதலில் ஒரு சாமான் வாங்குகிறேன், அதையும் படம் பிடியுங்கள் என்றார். சாதாரண வாடிக்கையாளன் என்று பார்ப்பவர்கள் நம்பியிருக்கும்போது துவக்கு வெளியே வந்தால் பயம் இரண்டு மடங்காகும் என்று வாதாடினார். இயக்குனர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிடம், அதற்கு மேல் இல்லை என்றார். பதினொரு வருடமாகக் கேட்டுக் கிடைக்காததை என் மனைவி கால் மணித்தியாலத்தில் வாங்கிக்கொடுத்தாள்.

அவள் இன்னொரு நிபந்தனையும் வைத்தாள். முதல் காசு கடைக்காரரின் சொந்தக் கையில் விழவேண்டும், கூலிக் கடைக்காரரின் கையில் அல்ல. ஆகவே என் கை மட்டும் படத்தில் நடிப்பதாக முடிவாயிற்று. பஞ்சாபிப் பிள்ளையின் கை கோதுமை நிறம், என்னுடையது தோசைக்கல். ஒப்பனைக்காரப் பெண் என் கைக்கு மாப் பூசத் தொடங்கினாள். அதே மேசையின் மறுபக்கத்தில் இன்னொருத்தி நடிகரின் கண்ணாடியை வாங்கி வைத்துவிட்டு, முகத்தில் வியர்வைக்குத் தண்ணீர் தெளித்து, கண்ணைச் சுற்றி மை இழுத்தாள். ஒரு பக்கம் என்னை வெளுத்தார்கள், மறுபக்கம் அவரைக் கறுப்பாக்கினார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவர் கதவால் வந்தார். தட்டுக்குப் போய் பீச் பழ ரின் ஒன்றை எடுத்தார், லேபலை வாசித்தார், திரும்ப வைத்தார், வேறொன்றை எடுத்துக்கொண்டு என் கைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பாகில் போட்டது வேண்டாம், சாறில் போட்டது. போன முறை மாறி வாங்கிக்கொண்டு போனேன். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள்."

ஐம்பத்தொன்பது பென்ஸ் எண்ணி என் வெளுத்த கையில் வைத்தார். அவருடைய சொந்தக் காசு. முதல் வியாபாரத்துக்குப் பொய்க் காசு செல்லாது என்று மனைவி சொல்லியிருந்தாள். மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் புது ரின், புதுக் காசு. மூன்றாந் தடவை என் மனைவி சிரித்துவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் மாறி வாங்கிக்கொண்டு வருகிற புருஷனைப் பற்றி எந்த மொழியில் சொன்னாலும் அவளுக்கு விளங்கும்.

அதன்பின் ரின்னை இடது கக்கத்தில் வைத்தபடி துவக்கை எடுத்தார், பொய் நோட்டை அள்ளினார், பஞ்சாபிப் பிள்ளையைத் தள்ளினார். போத்தல் தட்டு சரிந்தது. பதினொரு மணிக்கெல்லாம் போய்விட்டார்கள். போகுமுன் மூன்று ரின்னையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, இன்று வாசலில் பிரச்சினை இராது என்றார் நடிகர். அன்று பிற்பகல் மட்டும் ஒரு முழு நாள் வியாபாரம் நடந்தது. அவருக்குக் கைராசி என்று மனைவி தீர்மானித்துவிட்டாள்.

படம் மார்ச் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை ஒளிபரப்பானது. மனைவி, மகள்கள், மாமியார் எல்லோரையும் கூட்டி வைத்துப் பார்க்கப்போவதாக நடிகர் முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் நான், மனைவி, மைத்துனர், கச்சான் பக்கற். ஒன்பதாவது நிமிடம் கதவு திறந்தது. அவர் வந்தார். நான் முன்னுக்குக் குனிந்தேன். துவக்கு வந்துவிட்டது. பழம் தெரிவு செய்ததும் இல்லை, வாசலில் திருப்பி அனுப்பியதும் இல்லை, காசும் இல்லை, மாப் பூசிய என் கையும் இல்லை. ஆனால் கக்கத்தில் ரின் இருந்தது. அதை எப்படி வெட்டுவது? லேபல் தெரிய, ஒளி பட்டு மினுங்க, அவரோடு கதவால் வெளியே ஓடியது. மூன்று நிமிடம் கழித்துத் துப்பறிபவர் தன் சகாவிடம், காசோடு ஒரு ரின் பீச்சும் போயிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

"பாத்தியளே அத்தான், பழ ரின்னையும் விட்டுவைக்கேல்லை" என்றார் மைத்துனர், கச்சானை உடைத்தபடி.

அடுத்த நாள் இயக்குனருக்குப் போன் எடுத்தேன். அந்த அரை நிமிடம் கதையை மந்தமாக்குகிறது என்றார். கள்ளனுக்கு மனைவி இருக்கிறாள் என்று சொன்னால் சனங்கள் அவளையும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிறகு அவளுக்கும் ஒரு நடிகையைப் பிடிக்கவேண்டும் என்றார். உடைந்த போத்தல்களைப் பற்றிக் கேட்டேன். வேறொரு பிரிவு அதைப் பார்க்கும் என்றார். அந்தப் பிரிவை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே துக்கம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். லட்சுமி படத்தை வைத்துக் கடையை அடையாளம் கண்டுவிட்டார்கள். இல்ஃபோர்ட்டிலிருந்தும் ரெய்னர்ஸ் லேனிலிருந்தும் ரெயில் மாறி மாறி, வாழைப்பழச் சீப்போடு வந்து, செத்த வீட்டுக்கு வந்தவர்கள்போலக் குரலைத் தாழ்த்தினார்கள். காசு போனால் போகட்டும், உயிர் தப்பினதே பெரிய காரியம் என்றார்கள். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் போனில் அழுதார். இது படம், நடந்ததல்ல, என்னிடம் எதுவும் களவு போகவில்லை, அந்த மனிதர் ஒரு ரின்னுக்குப் பதிலாக மூன்று ரின்னுக்குக் காசு கொடுத்தவர் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணை பயத்தில சொல்லுறார்" என்று ஒருவர் என் மனைவியின் காதில் சொன்னார். கண்ணால் கண்டதை நான் பேசிக் கெடுப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. முப்பத்துநான்கு பேர் வந்தார்கள். தேநீர் குடித்து, பிஸ்கற் தின்று, ஆறுதல் சொல்லி, போகும்போது இரவுக்குப் பார்க்க ஆளுக்கொரு கசெற் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசியாகக் காப்புறுதிக்காரர் வந்தார். அவராவது படித்தவர், நடந்தது படம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் இப்படியான இடம் இது என்று இலட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள் அல்லவா என்று சொல்லி, அந்த வருடக் கட்டணத்தைக் கூட்டினார்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை காலை, நான் சுருள்கதவை அரைவாசி உயர்த்தும்போது வெளியே ஒரு சோடிச் சப்பாத்து நின்றது. முழுதாக உயர்த்தினேன். நடிகர் கால்மிதியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு ரசீது வேண்டும் என்றார்.

நான் விளங்காமல் பார்த்தேன். மாமியாருக்கு என்றார். தேவாலயத்துப் பெண்கள் கொள்ளையை மன்னித்துவிட்டார்களாம். அது அவருடைய உத்தியோகம் என்று பழகிவிட்டார்கள். பழ ரின்னைத்தான் அவர்களால் மன்னிக்க முடியவில்லை. வீட்டில் பழம் இல்லாமலா உன் மருமகன் அதையும் தூக்கினான் என்று கேட்கிறார்களாம். மகள்கள் இரண்டு நாளாகப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவுப் பெட்டியைத் திறக்கவில்லை; உள்ளே பீச் இருக்கிறதா என்று மற்றப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்களாம். மனைவி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கவேண்டும் என்றாள். என்னை அல்ல, இயக்குனரை."

சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் கவுண்டரில் வைத்த கையை எடுக்காமல் நின்றார். அந்த அரை நிமிடம் தனக்கு நன்றாக வந்திருந்ததா என்று, சந்தை விலை கேட்பவர்போல, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். மூன்றுமே நன்றாக வந்தன, மூன்றாவது திறம் என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அதைப் பார்த்தவர்கள் இந்த உலகத்தில் ஒரு இருபது பேர்தான். அதில் நானும் ஒருவன்.

அவர் உட்கார்ந்தார். நான் பில் புத்தகத்தை எடுத்து, பீச், சாறில் போட்டது, மூன்று, முழுப் பணமும் பெறப்பட்டது என்று எழுதி, திகதி போட்டு, கடை முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். லண்டனில் ரசீது வைத்திருக்கும் ஒரே கள்ளன் அவர்தான். அதை நாலாக மடித்துப் பணப்பைக்குள் வைத்தார். நான் ஒரு ரின்னை எடுத்து, இது கடையின் அன்பளிப்பு என்று நீட்டினேன்.

மனைவி இடையில் கையை வைத்து மறித்தாள். வெள்ளிக்கிழமை, முதல் வியாபாரம், சும்மா கொடுப்பதா? அறுபத்திரண்டு பென்ஸ், விலை ஏறியிருந்தது. அவர் எண்ணிக் கொடுத்தார்.

"அவரை வெள்ளிக்கிழமையில முதல் ஆளா வரச் சொல்லுங்கோ. நல்ல கைராசி" என்றாள்.

மொழிபெயர்த்தேன். இந்த வேடத்துக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டார். இல்லை, நீர்தான் ஒவ்வொரு முறையும் காசு கொடுக்கவேண்டும் என்றேன். பாத்திரம் என்ன என்று கேட்டார். மனைவிக்குச் சாமான் வாங்க வருபவர் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைக்க எடுத்தார். துடைக்க அதிக நேரம் எடுத்தது.

ஏழு வெள்ளிக்கிழமை வந்தார், ஒரு தரம் மனைவியோடு. அந்த அம்மா அவர் எடுத்த ரின்னைத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். எட்டாவது வாரம் மன்செஸ்ரருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு தொடர் கிடைத்தது. கள்ளன்தான், ஆனால் பெற்றோல் நிலையம்.

படக்காரர் கொடுத்தது இருநூறு பவுண். காப்புறுதிக் கட்டணத்தில் ஏறியது நூற்று இருபத்தாறு, உடைந்த போத்தல் முப்பத்தெட்டுப் பவுண் நாற்பது பென்ஸ், முப்பத்துநான்கு பேரின் துக்கத்துக்குத் தேநீரும் பாலும் பிஸ்கற்றும் ஐம்பத்தொன்பது பவுண் ஏழு பென்ஸ். மைத்துனரின் கச்சானைச் சேர்க்காமல், என் கைநட்டம் இருபத்துமூன்று பவுண் நாற்பத்தேழு பென்ஸ்.